பூனையின் மேல் ஒரு பழி

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, வேங்கடத்தின் இலக்கியச் சிறப்பைப் பற்றியோ, சித்தூர்ப் பகுதியில் தமிழ் வளர்த்த பெரியோரைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அத்தகைய கட்டுரைகளை எழுத வல்லோர் நம்மிடையே பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பூனை. அதிலும், தனக்கென வைத்த மணல் தட்டை விட்டுவிட்டு வீட்டின் பிற இடங்களில் அது சிறுநீர் கழித்த செய்தி. மலருக்கு உரிய மணம் இதுதானா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். அந்தப் பூனை எனக்குக் கற்பித்த பாடம், ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கெல்லாம் ஏதோ ஒரு நாளில் பயன்படும் என்பதனாலேயே எழுதத் துணிந்தேன்.

பூனை நம் இலக்கியத்துக்குப் புதிய உயிர் அன்று. காட்டுப் பூனையை வெருகு என்றனர் பழந்தமிழர். அதன் இளமைப் பெயர் குட்டி என்று மரபியலில் இலக்கணம் வகுத்தார் தொல்காப்பியர். மாலைப் பொழுதில் வேலியோரம் வந்த வெருகினைக் கண்டு அஞ்சும் வீட்டுக் கோழியைக் குறுந்தொகை காட்டுகிறது. கம்பர் பெருமானோ, இராம காதையைப் பாடப் புகுந்த தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார். நாம் வாழும் திருப்பதியிலோ பூனைக்குத் தத்துவ மேடையே உண்டு. குட்டியைத் தாயே வாயில் கவ்விக் காப்பது போல இறைவன் உயிரைக் காக்கிறான் என்பர் தென்கலையார். குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கினை உவமை காட்டுவர் வடகலையார். வடமொழியில் பூனைக்கு மார்ஜாரம் என்று பெயர். துடைத்தல், தூய்மை செய்தல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. தன் உடலை ஓயாது நக்கித் துடைப்பதையும், தன் கழிவைத் தானே மண் தோண்டி மூடுவதையும் கண்ட முன்னோர் இட்ட காரணப் பெயர். தூய்மையே பெயராகக் கொண்ட உயிர் ஏன் அதை மறக்கிறது? அந்தக் கேள்வியே என் கதை.

என் பாட்டனார் ஆரணியிலிருந்து துணி மூட்டையுடன் சித்தூருக்கு வந்தவர். 1911-ஆம் ஆண்டில் வடார்க்காட்டின் சில பகுதிகளையும் கடப்பையின் சில பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. பின்னர் வடக்கெல்லைப் போராட்டம் நிகழ்ந்ததும், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்ததும், சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றதும் நீங்கள் அறிந்தவையே. அப்போது என் தந்தையாருக்கு இருபத்திரண்டு வயது. கடையை அவர் மூடவில்லை. ஊரையும் விட்டுப் போகவில்லை. தெலுங்கில் வணிகம் செய்து, தமிழில் கணக்கெழுதி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரே வீட்டில் வாழ்ந்தார். ஓடு வேய்ந்த வீடு. பின்புறம் கிணறும், ஒரு மாமரமும், மண் முற்றமும். அம்முற்றத்தில்தான் ஒருநாள் மழையில் நனைந்தபடி செவலை வந்து சேர்ந்தது. செந்நிறக் கடுவன் குட்டி. அண்டை வீட்டார் ‘பில்லி’ என்றழைத்தனர். அப்பா ‘செவலை’ என்றார். சில மாதங்களில் அதற்குக் கருத்தடை அறுவையும் செய்வித்தோம். அந்த வீட்டில் செவலை எங்கே நீர் கழித்தது என்று ஒருநாளும் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. மாமரத்தடி மண் அதற்குப் போதுமானதாக இருந்தது.

எனக்குப் பணி ஓய்வு வந்தது. மகளுக்குத் திருப்பதியில் வேலை. சித்தூர் வீடு பழுதடைந்தது. எல்லாம் சேர்ந்து 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திருப்பதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்குக் குடியேறினோம். ஒரே மாவட்டத்துக்குள் எழுபது கிலோமீட்டர் தானே என்று அப்பாவைத் தேற்றினேன். ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. “பாத்தியாடா, ஒரு மாசத்துல வேற ஜில்லாக்காரன் ஆயிட்டேன்” என்று அப்பா சிரித்தார். அச்சிரிப்பில் இருந்த வருத்தத்தை நான் அன்று கவனிக்கவில்லை.

செவலைக்கு மண் முற்றம் போயிற்று. பிளாஸ்டிக் தட்டொன்றில், கடையில் வாங்கிய நறுமணமூட்டிய மணலைக் கொட்டி, பின்கட்டில் சலவை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தோம். முதல் சில வாரங்கள் அது ஒழுங்காகப் பயன்படுத்தியது. மே மாதம் வந்தது. திருப்பதியின் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதத்தில் செவலை தட்டை விட்டு விலகத் தொடங்கியது. குளியலறைத் தரையில் சில துளிகள். கூடத்து மிதியடியின் மேல் சிறு ஈரம். பின்னர் அப்பாவின் கட்டிலில் விரித்த ஜமக்காளத்தில், விடியற்காலைகளில், பெரிய ஈரம்.

அறிவுரைக்கு ஏது பஞ்சம்? அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய் என்றார் ஒருவர். இரண்டு போடு போட்டால் சரியாகும் என்றார் இன்னொருவர். வீடு மாற்றியதற்குப் பூனை பழி வாங்குகிறது என்று உறுதியாகச் சொன்னார் மூன்றாமவர். நான் மூக்கையும் தேய்த்தேன், அடிக்கவும் செய்தேன். நாற்றம் போக நாள்தோறும் பினாயில் ஊற்றிக் கழுவினேன். பூனை என்னைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஒளிந்தது. குற்றம் செய்த நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் பொருள் செய்துகொண்டேன். அது அச்சம் என்பது பின்னரே விளங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜமக்காளம் மீண்டும் நனைந்திருந்தது. சினம் தலைக்கேறிற்று. செவலையைப் பிடித்துச் சாக்கில் இட்டு வாயைக் கட்டினேன். காய்கறிச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டால் எலி பிடித்தாவது பிழைத்துக்கொள்ளும் என்பது என் எண்ணம். “வேணாங்க” என்றாள் என் இல்லாள். அதற்குமேல் ஏதோ சொல்ல வந்து, கூடத்துப் பக்கம் பார்த்து, நிறுத்திக்கொண்டாள். சாக்குக்குள்ளிருந்து சத்தமே இல்லை. வழக்கமாக ஊரைக் கூட்டும் பூனை அது.

வண்டிச் சாவியை எடுத்தபோது அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“அத்த எங்கடா எடுத்துக்கினு போறே?”

சொன்னேன். அவர் சிறிது நேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

“ஜமக்காளத்து ஈரம் அதுது இல்லடா. என்னுது. ராத்திரியில எழுந்து போறதுக்குள்ள ஆயிடுது. அந்த சுவிட்சு எங்க இருக்குன்னு கைக்கு அம்புடல. நீங்க பூனைன்னீங்க, நான் சும்மா இருந்துட்டேன்.”

என்னால் வாய் திறக்க இயலவில்லை. அவர் தொடர்ந்தார்:

“கீழ சொட்டு சொட்டா விடுதே, அது மட்டும் அதுது. ரெண்டு நாளா அதுவும் இல்ல. உக்காந்து உக்காந்து முக்குது, ஒண்ணும் வரல. அந்த வலி எனக்குத் தெரியும். சந்தைக்குப் போவாதே, டாக்டர்கிட்ட போ.”

சில ஆண்டுகளுக்கு முன் புராஸ்டேட் சுரப்பி வீங்கி நீரடைப்பு ஏற்பட்டு, குழாய் வைக்கப்பட்டவர் என் தந்தை. ஒரு பகல் முழுதும் அவர் துடித்ததை நான் அருகிலிருந்து பார்த்தவன். எனினும், அதே துன்பத்தில் வேறோர் உயிர் என் காலடியில் கிடந்தபோது நான் அடையாளம் காணவில்லை. அவர் கண்டுகொண்டார்.

சந்தைக்குப் போகவிருந்த சாக்கு மருத்துவரிடம் போயிற்று. திருப்பதியில் 1955-ஆம் ஆண்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. 2005 முதல் ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கும் இவ்வூரே இருப்பிடம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் இடம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அக்கல்லூரியில் பயின்று ஊரில் தனியே மருத்துவம் பார்த்துவந்த ஓர் இளம்பெண் செவலையின் வயிற்றைத் தொட்டதுமே, “நீர்ப்பை கல் மாதிரி இருக்குது சார். இன்னும் ஒருநாள் விட்டிருந்தா பிழைச்சிருக்காது” என்றார்.

கடுவன் பூனையின் நீர்த்தாரை மிகக் குறுகியது. நுண்ணிய படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதில் அடைத்துக்கொள்ளும். அடைபட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத்தையே நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போகும். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பை நீக்கி, நரம்பு வழியே நீர் ஏற்றி, மூன்று நாள் வைத்துக் காப்பாற்றினார். அதற்கிடையில் என்னிடம் அவர் கேட்ட கேள்விகள் நீதிமன்றத்துக் குறுக்கு விசாரணைக்கு நிகரானவை. நின்று வாலை உயர்த்திச் சுவரில் பீய்ச்சியதா, குந்தித் தரையில் விட்டதா? அதிகமாகவா, துளியாகவா? தட்டு எங்கே உள்ளது? எத்தனை தட்டு?

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருந்தது. நின்றபடி செங்குத்தான இடத்தில் பீய்ச்சுவது எல்லை காட்டும் செயல். கருத்தடை செய்யாத கடுவனிடம் இது மிகுதி. செய்துவிட்டால் பெரும்பாலானவற்றில் நின்றுவிடும். எல்லைச் சிக்கலைப் பார்த்த சித்தூர்க்காரனுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. குந்தித் தரையில் துளித்துளியாக விடுவதோ வேறு. அது பெரும்பாலும் நோயின் குரல். தட்டில் அமரும்போதெல்லாம் வலி எடுத்தால், வலிக்குக் காரணம் தட்டே என்று பூனை கருதிவிடுகிறது. வழுவழுப்பான, குளிர்ந்த வேறிடத்தைத் தேடுகிறது. மிகுதியாக நீர் கழித்தால் நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். முதிய பூனையாயின், மூட்டுவலியால் தட்டின் உயர்ந்த விளிம்பைத் தாண்ட முடியாமல் இருக்கலாம்.

கிருமி ஏதுமின்றியே நீர்ப்பை புண்ணாகும் நோயும் பூனைகளுக்கு உண்டு. மனக்கலக்கமே அதற்குப் பெரிய தூண்டுதல். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பஃபிங்டன் என்னும் ஆய்வாளர் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தார். அவரும் உடன் பணியாற்றியோரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு நேரமும் பராமரிப்போரும் மாறியபோது, நோயே இல்லாத பூனைகளும் உணவை வெறுத்தன, தட்டுக்கு வெளியே கழித்தன என்று கண்டனர். பழியும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வழக்கம் குலைந்ததை உடல் சொல்லிய முறை அது.

இன்னொன்றும் அறிந்தேன். நம் வீட்டுப் பூனைகளின் முன்னோர் ஆப்பிரிக்க, மேற்காசியப் பாலைநிலங்களின் காட்டுப் பூனைகள். தண்ணீர் குறைந்த இடத்தில் வாழ்ந்ததனால் தாக உணர்வு குறைவு. சிறுநீர் செறிவு மிக்கது. அத்தகைய உயிருக்கு, திருப்பதியின் மே மாதத்தில், உலர்ந்த தீனியை மட்டுமே இட்டு வந்தோம். மணலைத் தேடுவதும் அந்தப் பாலைநிலப் பழக்கமே. மேல்நாட்டிலும் முன்பு மணலையும் சாம்பலையுமே வைத்தனர். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவர், தம்மிடம் மணல் கேட்டு வந்த பெண்ணுக்கு ஈரம் உறிஞ்சும் களிமண் துகளைக் கொடுத்தார். பூனை மணல் வணிகம் அதிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் மனிதர் மூக்குக்காக அதில் நறுமணம் சேர்த்தனர். பூனையின் மூக்குக்கு அது கொடிய நெடி.

எங்கள் பிழைகளைப் பட்டியலிட்டால் நீளும். தட்டு சிறியது, பூனையின் நீளத்தில் ஒன்றரை மடங்காவது வேண்டும். வீட்டில் எத்தனை பூனையோ அதற்கும் ஒன்று மிகுதியாகத் தட்டுகள் வேண்டும். நாங்கள் வைத்தது ஒன்றே. வைத்த இடமோ, திடீரென்று உறுமும் சலவை இயந்திரத்தின் அருகே. எல்லாவற்றினும் கொடுமை பினாயில். அவ்வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சாகும். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். யாரேனும் ஒருவருக்கு உதவும். சிறுநீர்க் கறைக்கு, நொதிகள் சேர்ந்த துப்புரவுக் கரைசலே ஏற்றது. அம்மோனியா கலந்தவை சிறுநீர் நெடியையே ஒத்து, பூனையை மீண்டும் அங்கே அழைக்கும்.

செவலை வீடு திரும்பியதும் மாற்றங்கள் செய்தோம். அகன்ற இரண்டு தட்டுகள், மணமற்ற மென்மணல், ஒன்று பின்கட்டின் அமைதியான மூலையில், மற்றொன்று கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ப்புறம். நாள்தோறும் இருமுறை அள்ளினோம். உலர்ந்த தீனியைக் குறைத்து, நீர் விட்ட உணவைக் கூட்டினோம். சன்னலோரம் ஏறி அமர ஒரு பலகை அடித்தோம். சில வாரங்களில் தட்டுக்கு வெளியே ஈரம் நின்றது.

நிற்க. தட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்த அந்த மாலையில்தான் எனக்கு உறைத்தது. பூனைக்குத் தட்டு எங்கே இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் அரை மணி நேரம் கேட்டறிந்தேன். என் தந்தைக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, அங்கே அவர் இருட்டில் எப்படிச் செல்வார் என்று ஒரு நிமிடமும் யோசித்ததில்லை. அறுபது ஆண்டுகள் கால் பழகிய வீட்டில் விளக்கில்லாமலே நடந்தவர் அவர். புதிய வீட்டிலோ வழவழப்பான தரை, கைக்கு எட்டாத சுவிட்சு, குந்திப் பழகியவருக்கு நாற்காலி போன்ற பீடம். அவருக்கும் மண் முற்றம் போயிருந்தது. அவருக்கும் வழக்கம் குலைந்திருந்தது. பூனையின் மேல் பழி விழுந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று முதலில் ஒரு கணம் மனம் கசந்தது உண்மை. ஆனால், மகன் பூனைக்குக் கொடுத்த அடியைக் கண்ட முதியவர், தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள எங்ஙனம் துணிவார்? அப்படியும் அவர் துணிந்தார். ஓர் உயிர் போகப்போகிறது என்றபோது தம் மானத்தை விட்டுக்கொடுத்தார்.

அவரையும் சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மாத்திரை மாற்றப்பட்டது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சுவரில் கைப்பிடி, இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு, கட்டிலோரம் ஒரு பாத்திரம். செலவு சிறிது, மூன்று மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. அன்றிரவு என் இல்லாளிடம், “உனக்கு முன்பே தெரியுமா?” என்று கேட்டேன். “தோய்க்கிறவளுக்கு வாசனை தெரியாதாங்க? மாமா வாயால சொல்லாத வரைக்கும் நான் எப்படிச் சொல்றது?” என்றாள். ஜமக்காளத்தை நாள்தோறும் ஒரு சொல்லும் சொல்லாமல் துவைத்து உலர்த்தியவள் அவள்.

அதன்பின் அப்பா இரண்டாண்டு இருந்தார். இரவில் அவர் எழுந்தால் செவலையும் எழும். விளக்கொளியில் முன்னே நடந்து, கழிப்பறை வாயிலில் காத்திருந்து, அவர் திரும்பும்போது உடன் திரும்பும். “துணைக்கு வருதுடா” என்பார். உணவு கிடைக்கும் என்ற எண்ணத்தில் அது வந்திருக்கலாம். நான் மறுத்துச் சொன்னதில்லை. 2024-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பல நாள் செவலை அந்தக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மீண்டும் ஒருமுறை மிதியடியில் ஈரம் கண்டேன். இம்முறை சாக்கைத் தேடவில்லை. மருத்துவரிடம் காட்டினேன்; நோயில்லை என்றார். அருகில் அமர்ந்து தடவிக்கொடுத்தேன். சில நாளில் தானே சரியாயிற்று.

நம் குடும்பங்கள் பிழைப்பு நாடி இடம் பெயர்பவை. ஆரணியிலிருந்து சித்தூர், சித்தூரிலிருந்து திருப்பதி, இனி நம் பிள்ளைகள் எங்கெங்கோ. பெட்டி படுக்கைகளை எண்ணி ஏற்றுகிறோம். முதியோரையும், குழந்தைகளையும், வாயில்லா உயிர்களையும் உடன் அழைத்து வருகிறோம். ஆனால் அவர்கள் விட்டு வந்தது என்ன என்று கேட்பதில்லை. பிறகு ஒருநாள் பாத்திரம் உடைகிறது, சோறு மிஞ்சுகிறது, பாய் நனைகிறது. யார் செய்தது என்று கேட்கிறோம். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்டிருந்தால், சாக்கின் வாயை நான் கட்டியிருக்கமாட்டேன். அதை அவிழ்க்கச் சொன்ன என் தந்தையின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இதை எழுதும் இவ்வேளையில், செவலை சன்னலோரப் பலகையில் உறங்குகிறது.